கழுவிய பாட்டில்

குடிநீர் அலுவலகத்து மேலதிகாரிக்குத் தண்ணீரைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தன் மேசைக்கு மட்டும் அது கடையிலிருந்து வர வேண்டும். இந்த அறிவுக்கொழுந்துக்குக் கீழே ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாகக் கிருமி எண்ணுவது அவள் தலையெழுத்து.

இந்த வாரம் தங்கை மகன் டைபாய்டில் படுத்துவிட்டான். அதே தெருவில் இன்னும் ஒன்பது பேர். அந்தத் தெருக் குழாய்க்கு அவள் கொடுத்த அறிக்கையோ மாதம் தவறாமல் 'குடிக்க உகந்தது'. எங்கோ இடிக்கிறதே என்று, மாதிரி எடுக்கும் ஊழியரோடு அவளே கிளம்பினாள்.

அவர் குழாயைத் திறந்து பாட்டிலில் கொஞ்சம் பிடித்தார், குலுக்கினார், கொட்டினார். மூன்று தடவை. அடியிலிருந்த வெள்ளைத் தூள் சாக்கடைக்குப் போயிற்று.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"உள்ள அழுக்கு இருக்கும்மா. கழுவிட்டுப் பிடின்னு நம்ம ஆபீஸ் பெரிய ஐயாதான் சொன்னாரு. ரெண்டு வருஷமா இப்படித்தான்."

அழுக்காம்! குளோரினை முறிக்க அவளே அளந்து போட்ட தூள். அது இல்லையென்றால், ஆய்வுக்கூடம் வந்து சேரும் நாலு மணி நேரமும் குளோரின் பாட்டிலுக்குள் கிருமிகளைக் கொன்றுகொண்டே வரும். சோதனைக்கு வருவது செத்த கிருமி. குழாயடியில் குடிப்பவன் வயிற்றுக்குப் போவது உயிருள்ளது.

கழுவாத பாட்டிலில் பிடித்துவந்தாள். மறுநாள் சோதனைத் தட்டு முழுக்கக் கிருமி மண்டிக் கிடந்தது.

மேலதிகாரி தட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. "இது ஒண்ணு தப்பா வந்திருக்கும். நல்லா கழுவிட்டு இன்னொண்ணு எடுங்க."

"கழுவினா சுத்தமாத்தான் வரும் சார். பத்து பேர் ஆஸ்பத்திரியில கிடக்காங்க. குழாயை மூடச் சொல்லுங்க."

"மூடலாம். ரெண்டு வருஷ ரிப்போர்ட்ல யார் கையெழுத்தும்மா இருக்கு?"

சிரித்தான் படுபாவி. அவன் எதிரிலேயே சுகாதாரத் துறைக்குப் போன் போட்டுக் குழாயை மூடவைத்தாள். ஆனால் கேள்வி தைத்துவிட்டது. ஊரிலுள்ள மரமண்டைகளையெல்லாம் இளப்பமாகப் பேசியவள், இதற்கு முன் ஒரு நாளாவது குழாயடிக்குப் போய்ப் பார்த்தாளா? தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தங்கையிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பையன் வாடிக் கிடந்தான்.

"தண்ணியைக் கொதிக்க வெச்சுக் கொடுத்தீங்களாம்மா?"

"முன்னாடி வெச்சேன் டாக்டர். அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன். எங்க அக்கா டெஸ்ட் பண்ற தண்ணி அது. இதோ வந்துட்டாளே, அவளையே கேளுங்க."