வலப்பக்கத்திலிருந்து படித்த கதை

'இறகோன்' படம் வந்த பிறகு முத்தியால்பேட்டையில் ஓடும் ஆட்டோக்களில் பாதியின் முதுகில் ஒரே வாக்கியம் ஏறிவிட்டது. "எனக்கு வேணாம், நீ வச்சுக்க." நாயகன் தன் சக்திகளை ஒவ்வொன்றாகப் பிறருக்குக் கொடுக்கும்போது சொல்லும் வசனம் அது. பறக்கும் சக்தியை ஒரு கழுகுக்குக் கொடுப்பான். பலத்தை மூட்டை தூக்குகிறவனுக்கு. சுவரைத் துளைத்துப் பார்க்கும் கண்ணை ஒரு குருட்டுப் பெண்ணுக்கு. கடைசியில் ஒன்றுமில்லாத ஆளாகத் தெருவோரம் உட்கார்ந்து ரொட்டி தின்பான். படம் அங்கே முடியும்.

மற்ற படங்களில் சாதாரண ஆள் சக்தி பெறுவான், இதில் சக்தி உள்ளவன் சாதாரண ஆளாகிறான், உலகத்தில் எவனும் யோசிக்காத கதை என்றார்கள். நான் தமிழ் நடத்தும் பள்ளியில் ஆசிரியர்கள் ஓய்வறையிலும் அதே பேச்சு. எழுதி இயக்கியவன் என் தம்பி அஸாருதீன் என்பதால் என் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொன்னார்கள். நான் சிரித்துவைத்தேன். பேசாமலிருப்பது எனக்குச் சிரமமில்லை. எதிரில் இருப்பவர்களுக்குத்தான் சிரமம்.

பிறகு அந்தப் பேட்டி வந்தது. "சின்ன வயசுல உங்களுக்குக் கதை சொன்னது யாரு?" என்று தொகுப்பாளினி கேட்டாள்.

அஸார் காலை மடக்கி உட்கார்ந்தான். "யாருமில்லைங்க. எங்க வீட்டுல புத்தகத்தைத் தொடுற ஆளே கிடையாது. நானா முளைச்சவன்."

கைதட்டினார்கள். நான் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. அடுத்து வந்த சோப்பு விளம்பரத்தையும் பார்த்து முடித்தேன். நான் உட்கார்ந்திருந்த கூடத்தின் மூன்று சுவர்களிலும் கூரைவரை என் புத்தகங்கள். அவன் பல் விழுந்த வயதில் தலை சாய்த்துத் தூங்கியதும் அவற்றில் நான் முதலில் சேர்த்தவற்றின் நடுவில்தான்.

அத்தா பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது வந்த மூட்டையில் ஒரு படப் புத்தகம் கிடைத்தது. அந்த ஆள் எந்தெந்த நாட்டில் இருந்தாரோ, எங்கே வாங்கினாரோ. இரண்டு பக்கமும் அட்டை இல்லை. ஓரங்களைச் செல் அரித்துப் பக்க எண்கள் போயிருந்தன. உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை, பக்கத்துக்கு ஒரு படம், அவ்வளவுதான். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும், அஸாருக்கு ஆறு. காலையில் மதரஸாவில் ஓதிவிட்டு வந்த கையோடு அதை ரெஹாலில் விரித்தோம். ஓதும் பலகையில் வைத்த புத்தகத்தை அரபு போல வலப்பக்கத்திலிருந்துதான் திறக்க வேண்டும், எங்களுக்கு வேறு வழி தோன்றவில்லை. முதல் படத்தில் ஒருவன் ஊருக்கு மேலே பறந்தான். கடைசிப் படத்தில் அவன் ரொட்டி தின்றான். நடுவில் அவன் என்ன பேசினான் என்பதை நான் சொன்னேன். அஸார் வாய் திறந்து கேட்டான். ஆட்டோக்களின் முதுகில் இருப்பது நான் சொன்னது.

கல்லூரியில் ஒரு தோழி அதை இடப்பக்கத்திலிருந்து புரட்டியபோதுதான் நாங்கள் தலைகீழாகப் படித்தது தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ரொட்டி தின்கிறவனுக்குக் கழுகு சிறகு தருகிறது. எல்லாரும் எடுக்கும் கதை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு ராஜாவிடம் போனேன். இரண்டு தெரு தள்ளி இருப்பவன். 'சுட்டது யாரு' என்று யூடியூப் சேனல் நடத்துகிறான். எந்தப் படம் எங்கிருந்து திருடப்பட்டது என்று சொல்வதே அவன் பிழைப்பு.

"வாக்கா. அஸார் அண்ணன் படத்தை நானும் தோண்டிட்டேன். எங்கயும் தண்ணி வரல. நெஜமாவே ஒரிஜினல் போலருக்குது, என் பொழப்புல மண்ணு" என்றான்.

புத்தகத்தைக் கொடுத்தேன். இடமிருந்து புரட்டினான். "இன்னாக்கா இது? ரொட்டி திங்கிறவன் பறக்கிறான். இதைத்தானே எல்லா ஹீரோவும் பண்றான்?"

அவன் கையிலிருந்து வாங்கி, மறுபக்கத்திலிருந்து திறந்துவைத்தேன். ஒவ்வொரு தாளாகத் திருப்பினேன். பாதியில் அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"இப்பிடியா படிச்சீங்க?"

"ஓதிப் பழகின கை."

"அப்ப இது காப்பியே இல்லக்கா. தப்பாப் படிச்சதுல பொறந்த கதை. படத்தை விட இது செம கதை. உன் பேரைப் போட்டே வீடியோ பண்ணிடலாம்."

அதை நானும் வழியெல்லாம் யோசித்திருந்தேன். அப்படிச் சொன்னால் படம் ரசிகர்கள் சொல்வதைவிடப் புதியதாகிவிடும். மேதையின் மழலைக் காலம் என்று எழுதுவார்கள், ஓரத்தில் நான் ஒரு அக்காவாக நிற்பேன். எனக்கு அந்த ஓரம் வேண்டாம். அவன் திருடன் என்று ஊர் சொல்ல வேண்டும். தப்பிக்க அவனுக்கு ஒரே வழிதான் மிஞ்ச வேண்டும், என் பெயரைச் சொல்வது. அதையும் அவன் எப்படிச் சொல்கிறான் என்று பார்க்க வேண்டும்.

"படங்களை இதே வரிசையில போடு. கதையே இப்பிடித்தான்னு சொல்லு. என் பேரு வேணாம்" என்றேன்.

ராஜா தலையைச் சொறிந்தான். "கூடப் பொறந்தவன்க்கா."

நான் பறக்கிறவன் படத்தைத் திருப்பி அவன் முன்னால் வைத்தேன். அவன் விளக்கைப் போட்டுக் கைப்பேசியை எடுத்தான்.

வீடியோ காட்டுத்தீயாகப் போனது. நேற்றுவரை தம்பியைத் தலையில் வைத்து ஆடியவர்களே ரொட்டிப் படத்தைப் போட்டுக் கேலி செய்தார்கள். ஓய்வறையில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அது எனக்கு இனித்தது, மறைப்பதற்கில்லை.

அஸார் சென்னையில் நிருபர்களைக் கூட்டினான். "அந்தப் புத்தகம் எங்க வீட்டுல இருந்ததுதான். அதுல ஒரு சாதாரண ஆளு சக்தி வாங்குறான், அவ்வளவுதான். மதரஸால ஓதின பழக்கத்துல நான் தலைகீழாப் படிச்சேன். கதையை நானே உண்டாக்கினேன். எங்க அக்காவும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பாங்க. வேணும்னா அவங்களைக் கேளுங்க."

கேட்டுக்கிட்டு இருப்பாங்க. அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவனே வந்தான். மெலிந்திருந்தான். புத்தகம் ராஜாவிடம் எப்படிப் போனது என்று அவன் கேட்கவில்லை. ராஜாவையும் அவனே அழைத்திருந்தான், குற்றம் சொன்ன சேனலிலேயே நேரலையில் என்னைச் சொல்ல வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று.

"நல்லா இருக்கியாக்கா?"

"உக்காரு. பிரியாணி இருக்குது."

"முதல்ல இதை முடிச்சிடுவோம். நீ ஒண்ணும் பெருசாப் பேச வேணாம். நாம தலைகீழாப் படிச்சோம்னு சொன்னாப் போதும்."

"உனக்குக் கதை சொன்னது யாருன்னு கேட்டா?"

அவன் தொப்பியைக் கழற்றி மடித்தான். "அதெல்லாம் இப்ப எதுக்குக்கா? ஊரு ரெண்டு பேரையா ஞாபகம் வச்சுக்கும்?"

ராஜா கைப்பேசியை நிறுத்திவைத்து, ஆயிரக்கணக்கான பேர் பார்க்கிறார்கள் என்று கண்ணால் காட்டினான். புத்தகம் மேசையில் இருந்தது. அஸார் அதை என் பக்கம் தள்ளினான்.

"சொல்லுக்கா. கதை எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்குது? நாம எப்பிடிப் படிச்சோம்?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஆறு வயதின் எதிர்பார்ப்பு கொஞ்சம் இருந்தது. அக்கா எப்போதும் அடுத்த வரியைச் சொல்லிவிடுவாள் என்கிற நிச்சயம். கீழே தெருவில் ஒரு பால் வண்டி ஹாரன் அடித்தபடி போனது. ராஜா தொண்டையைச் செருமினான்.

"வலப்பக்கத்துலேர்ந்து" என்றேன். "வாங்கினப்போ அந்தப் பக்கம் அட்டை இருந்துச்சு. அதுல ஒருத்தன் பறக்கிற படம். கதையே அப்பிடித்தான். நாங்க எதையும் மாத்தல."

அஸார் என்னைப் பார்த்து, பிறகு ராஜாவைப் பார்த்தான். அந்த அறையில் உண்மை தெரிந்த மூன்றாவது ஆள் அவன்தான். ராஜா கைப்பேசியின் மீது குனிந்து எதையோ சரிசெய்தான். தன் வீடியோ பொய்யென்று அவன் வாயால் வராது என்பது எனக்குத் தெரியும்.

நேரலையை அணைத்ததும் ராஜா சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். அஸார் மாடிப்படிவரை போய் நின்றான்.

"அது நம்ம கதைக்கா. நீயும் நானும் பண்ணது" என்றான். கேமரா போன பிறகுதான் அவன் வாயில் 'நம்ம' வந்தது. "இனிமே நீயே வந்து உன்னுதுன்னு சொன்னாக்கூட எவனும் நம்ப மாட்டான். தெரியுதா உனக்கு?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றேன்.