சரிவில் ஒரு சிவப்பு

காலை வெயிலா, மாலை வெயிலா என்பதுதான் சண்டை.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் கார் கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். அதில் கீறல் தேடும் பெண்களுக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. நாளெல்லாம் டியூப்லைட் பளபளப்பை முறைத்த கண்ணுக்கு ஓய்வு வேண்டுமாம். அதற்காகச் சுவர் அகலத்துக்கு ஒரு மலை ஓவியம் மாட்டியிருந்தார்கள். ஜன்னல் வைக்க மனசு வரவில்லை போல.

எனக்கு அந்த ஓவியம் பிடிக்கும். உச்சிப் பாறையில் மட்டும் மஞ்சள் வெயில். கீழே நீலமும் சாம்பலுமாகப் பெரிய இருட்டு. வரைந்தவன் கெட்டிக்காரன். இருட்டை அள்ளிக் கொட்டிவிட்டு வெளிச்சத்தைக் கஞ்சத்தனமாக வைத்திருந்தான். அதனால்தான் அந்தக் கொஞ்சம் அப்படி எரிந்தது.

"இது காலைதான்," என்றேன் கலைமதியிடம். "செங்கோட்டைக்காரிக்கு மலையப் பத்திப் பாடம் எடுக்காதட்டி. எங்களுக்கு மலை மேக்க இருக்கு. காலைலதான் அது முகத்துல வெயில் அடிக்கும். சாயங்காலம் சூரியன் அதுக்குப் பின்னால போயிரும்."

கலைமதி மணிமங்கலத்துக்காரி. கோயில் கோபுரத்தைத் தவிர வேறு உயரம் பார்த்ததில்லை என்று அவளைக் கிண்டல் செய்வேன். அன்று அவள் விடவில்லை.

"இது உங்க ஊரு மலைன்னு யாருடி சொன்னது? அவ வெறகு தூக்கிகினு எறங்கறா பாரு. காலங்காத்தாலயா எறங்குவா? வூட்டுக்குப் போற நேரம் அது."

"யாரு?"

"இன்னா யாரு? செவப்புச் சேல. இடது பக்கம், கீழ."

தலையைத் திருப்பினேன். இருந்தாள். உள்ளங்கை அளவு சிவப்பு. இத்தனை மாதமாக இதே பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்க்காத ஒருத்தி.

"அவ இல்லன்னா படமே ஒரு பக்கமா சாஞ்சிடும்," என்றாள் கலைமதி. "நீ மேல வெயிலப் பாத்துகினே இரு. ஓரத்துல அந்தச் செவப்பு கூப்ட்டுகினே இருக்கும். அதான் இதுல அழகு."

வெயிலைப் பார்த்தேன். எதுவும் கூப்பிடவில்லை. அவள் இருந்த இடத்தில் இருட்டுக்கூட இல்லை, சாம்பல் சரிவுதான் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. திரும்பினால் வந்தாள். உச்சியைப் பார்த்தால் போனாள். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தேன், பிறகு மற்றதை. இரண்டிலும் அப்படியேதான்.

"நிசமாவே தெரியுதா? திரும்பாமலே?"

"ஏன், ஒனக்குத் தெரில?"

ஹாஸ்டலில் வாளிகளில் இடித்துக்கொள்வேன். பக்கத்தில் வந்து சிரித்தவளைக் கண்டுகொள்ளாமல் போய், திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். என் கண்ணைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை. எல்லாருக்கும் உலகம் இவ்வளவுதான் தெரியும் என்று இருந்துவிட்டேன். கதவைச் சாண் சாணாகப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

கலைமதிக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாரி, யாராண்டயும் சொல்லாத. கண்ணு டெஸ்ட்ல எழுத்துதான படிக்கச் சொல்வாங்க? நேராதான பாக்கணும்? நீ படிச்சிடுவ. வேல போவாது."

உண்மைதான். அந்தப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவேன். சூப்பர்வைசர் ஸ்ரீதர் சார் எப்போதும்போல எல்லார் முன்னாலும் மெச்சுவார். யாருக்கும் தெரியாது. ஓரப் பார்வை போனபோது எனக்கே தெரியவில்லையே. இன்னும் எவ்வளவு இப்படிச் சொல்லாமல் போகும்?

மணி அடித்தது. லைனுக்குத் திரும்ப ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஓடும் பாதையைக் கடக்க வேண்டும். தினமும் அரட்டை அடித்துக்கொண்டே கடக்கிற பாதை. மஞ்சள் கோட்டில் நின்றேன். கால் எழவில்லை. இடது பக்கம் முழுசாகத் திரும்பிப் பார்த்தேன், காலி. வலது பக்கம் திரும்பினேன், காலி. ஆனால் அதற்குள் இடது பக்கம் என்ன வந்ததோ. மறுபடி திரும்பினேன்.

"வா, ஒண்ணும் வர்ல," என்றாள் கலைமதி.

"உனக்குத் தெரியுது. எனக்கு எப்படிட்டி தெரியும்?"

எதிர்ப்பக்கத்திலிருந்து ஸ்ரீதர் சார் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"அவர்ட்ட சொல்லப் போறேன்," என்றேன்.

"வேல போயிடும்டி."

"தெரியும். அங்கன போற வரைக்கும் என் கைய விட்டுராத."