இரண்டு மணிக் கவ்விகள்

கிரியாக்கி செதுக்கிய கடற்சறுக்குப் பலகை எதுவும் ஆறு ஆண்டுகளாகத் தோற்றதில்லை. பலகையில் நட்ட பாய்மரப் பாயைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நின்றால் கடலைச் சீவிக்கொண்டு போகும். எம்பினால் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும். வேகம் வேண்டுமென்றால் பலகையின் அடி தட்டையாக இருக்க வேண்டும். ஓட்டுபவர் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் வளைந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பலகையில் கேட்பவர், ஏதென்ஸில் இருக்கும் பலகைக் கம்பெனியின் விற்பனை மேலாளர் பெரிக்லிஸ். அவர் முழங்காலுக்குமேல் நனைந்ததை ஒருவரும் பார்த்ததில்லை.

ஆண்டுதோறும் ஜூலையில் அவர் கார்ப்பத்தோஸ் தீவுக்கு வருவார். தீவுக்காரி கிரியாக்கி கையால் இழைத்த பலகையையும், ஹாலந்துக்காரன் ரூலோஃப் கணினியில் வரைந்து கொண்டுவரும் பலகையையும் ஓட்டிப் பார்க்கச் செய்து, ஒன்றைத் தொழிற்சாலையில் வார்ப்புக்கு அனுப்புவார். மற்றது செவஸ்தியின் உணவகத்தில் பெஞ்சாகிவிடும். ஆறு பெஞ்சுகளும் ரூலோஃபுடையவை. அவனும் நல்ல பிள்ளையாக, ஆண்டுக்கு ஒன்றாக மாறி மாறி அமர்ந்து சாப்பிட்டுவந்தான்.

ஓட்டிப் பார்க்கும் முறை ஒருமுறைகூட மாறவில்லை. விருந்தாளியின் பலகை முதலில். வீட்டுக்காரியின் பலகை கடைசியில். தீவில் இதற்கு மாறாக நடப்பவர் வீட்டில் காப்பி குடிக்கவும் ஆள் வராது. ஆகவே காலையில் ரூலோஃபின் பலகை, பிறகு நிதானமான சாப்பாடு, அதன்பின் கிரியாக்கியின் பலகை. ஓட்டுபவன் நெக்தாரியோஸ். அவன் மணிக்கட்டில் கட்டிய கருவி, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வேகத்தைக் குறித்துக்கொள்ளும்.

வெற்றிக்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பெரிக்லிஸ் தம் நிர்வாகம் என்றார். நெக்தாரியோஸ், மதியம் தின்ற சுட்ட ஆக்டோபஸ் என்றான். கிரியாக்கி ஒன்றும் சொல்லாமல் தன் இரு கைகளையும் பார்த்துக்கொள்வாள். அது மற்ற இருவரின் பேச்சையும்விடப் பெரிய தற்பெருமை.

இந்த ஆண்டுப் பலகைக்காக அவள் குளிர்காலம் முழுவதும் உப்புத்தாளும் கையுமாக இருந்தாள். வாலில் ஒரு விரல் அகலம் குறைத்தாள். பின்விளிம்பை மட்டும் கூராக்கினாள். ஏழு ஃபோம் கட்டைகளை வெட்டியெறிந்து எட்டாவதில் நிமிர்ந்தாள். முந்தைய ஆறும் நல்ல பலகைகள். இது ஒன்றுதான் தான் நினைத்த பலகை என்று அவளுக்குத் தெரிந்தது. வார்ப்புக்குப் போனால் உலகக் கடலெல்லாம் ஓடும். போகாவிட்டால் ஏழாவது பெஞ்சு.

சோதனை நாள் ஜூலை ஏழாக அமைந்தது: புனித கிரியாக்கியின் திருநாள், ஆகவே அவள் பெயருக்குரிய நாள். எல்லோருக்கும் பாதாம் இனிப்புக் கொடுத்தாள். ரூலோஃப் பூங்கொத்தோடு வந்தான்.

"ஆறு வருஷமா என்னையே முதல்ல அனுப்பறே. இன்னிக்கு உன் நாள். நீ முதல்ல போ."

"அதெல்லாம் வேண்டாம்ப்பா, விருந்தாளி நீ."

"விருந்தாளி கேட்டா மறுக்கலாமா? நீதானே சொல்லிக்கொடுத்தே."

மறுக்க வழியில்லை. பத்து மணிக்கு அவள் பலகை கடலில் இறங்கியது.

நெக்தாரியோஸ் தொங்கிய முகத்தோடு திரும்பினான். "முப்பத்தொண்ணுதான் அக்கா. எம்பவே மாட்டேங்குது. கல்யாண ஊர்வலம் மாதிரி அசைஞ்சு போகுது."

பெரிக்லிஸ் குறித்துக்கொண்டார். கிரியாக்கிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரூலோஃபின் இரண்டாம் ஆண்டுப் பெஞ்சில் அமர்ந்து, எந்த இடத்தில் அதிகமாக இழைத்துவிட்டோம் என்று மனத்துக்குள் பலகையைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்போது செவஸ்தி வந்து அவள் கையைத் தட்டிவிட்டு, மேசைவிரிப்பில் இரும்புக் கவ்வியை மாட்டினாள்.

"கையை எடுடி. மணி ரெண்டாகப்போகுது."

"ரெண்டானா என்ன?"

"விரிப்பு பறந்து உன் மூஞ்சில அறையும். இருபது வருஷமா ரெண்டு மணிக்குத்தான் கவ்வி மாட்டறேன். கடல்லயே கிடக்கிறவளுக்கு இது தெரியாதா?"

கடலோரம் பிறந்தவள், காற்றை நம்பிப் பிழைப்பவள், காற்று எப்போது வரும் என்பதை ஒரு மேசைவிரிப்பிடமிருந்து கற்றுக்கொண்டாள். அவளுடைய ஆறு பலகைகளும் கவ்வி மாட்டிய பிறகே கடலில் இறங்கியவை.

பேசினால் இந்தப் பலகை பிழைக்கலாம். ஆனால் ஆறு வெற்றிகளும் காற்றோடு போகும். பேசாவிட்டால் ஆறும் இருக்கும், ஏழாவது பெஞ்சாகும்.

ரூலோஃபின் பலகை நாற்பத்துநான்கில் ஓடித் திரும்பியது. பெரிக்லிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். கிரியாக்கி எழுந்து நின்று கவ்வியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். விரிப்பு எழும்பிச் சாலட்டைக் கவிழ்த்தது.

"காலையில இந்தக் காத்து இருந்துதா சார்?"

விளக்கிச் சொன்னாள். பெரிக்லிஸ் சட்டையிலிருந்த தக்காளியைத் துடைத்தார். "ஆறு தடவை ஜெயிச்சப்போ இந்தக் காத்து எங்க போச்சு?"

"இங்கயேதான் இருந்துது. நான்தான் பார்க்கலை. அந்த ஆறையும் கணக்குலேர்ந்து அடிச்சிடுங்க. இப்ப ரெண்டையும் பத்துப் பத்து நிமிஷமா மாத்தி மாத்தி ஓட்டச் சொல்லுங்க."

"அப்போ ஆக்டோபஸ் காரணம் இல்லையா?" என்றான் நெக்தாரியோஸ், மெய்யாகவே புண்பட்டு.

ஐந்து மணிவரை ஓட்டினான். வேகத்தில் அவள் பலகை அரைக் கிலோமீட்டர்தான் முந்தியது. ஆனால் பத்துச் சுழற்சியில் பத்துக்கும் சொன்னபடி இறங்கியது, ரூலோஃபுடையது ஆறுக்கு. ரூலோஃப் பின்விளிம்பைக் கட்டைவிரலால் தடவினான், தலையசைத்தான். பிறகு தான் அமர்ந்திருந்த பெஞ்சைக் குனிந்து பார்த்தான்.

"அப்போ இது? இது ஜெயிச்சிருக்குமோ?"

"தெரியாது. கழட்டி ஓட்டிப் பார்க்கலாம்."

"என் பெஞ்சைத் தொட்ட கையை உடைப்பேன்!" என்றாள் செவஸ்தி உள்ளேயிருந்து. ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது.

பலகை வார்ப்புக்குப் போயிற்று. விளம்பரக் கையேட்டில் அச்சாகவேண்டிய வரியைப் பெரிக்லிஸ் ஏதென்ஸிலிருந்து அனுப்பியிருந்தார்: 'தொடர்ந்து ஏழாவது ஆண்டாக வெற்றி.' கிரியாக்கி 'ஏழாவது' என்பதை அடித்து 'முதலாவது' என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். பெரிக்லிஸ் மூன்று நாள் தொலைபேசியில் கெஞ்சினார். அவள் அசையவில்லை. 'தொடர்ந்து' என்ற சொல்லை விட்டுக்கொடுக்க அவருக்கும் மனம் வரவில்லை.

இன்றும் அந்தக் கையேட்டின் முதல் பக்கத்தில் பலகையின் படத்துக்குக் கீழே காணலாம்: 'தொடர்ந்து முதலாவது ஆண்டாக வெற்றி.'