எழுபத்தோராவது படி

அந்தக் கட்டடத்துக்கு எழுபத்திரண்டு படிகள். மாடிக்குப் பதினெட்டு, நாலு மாடி. தினமும் பெருக்கித் துடைக்கிறவளுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டாம், முழங்காலே சொல்லும். விடிந்ததும் நாலாவது மாடியில் தன் வீட்டு வாசலில் தொடங்கி, வாளியும் துணியுமாகப் படிப்படியாக இறங்கி வருவாள். படிகளைத் துடைக்கிற வரைக்கும்தான் அந்த மேல்வீடு அவளுக்கும் புருஷனுக்கும். கட்டடக்காரர்களோடு பேச்சு அப்படி.

இரண்டு மாதமாக அவளுக்கு ஒரு எதிரி முளைத்திருந்தான். தினமும் ஏதாவது ஒரு படியில், சுவரோரமாக, விரல் நுனி அளவுக்கு ஒரு நீலப் பொட்டு. துணிக்கு மசியாது. இடுப்பில் செருகியிருக்கும் தகட்டை எடுத்து, குந்தி உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சுரண்டுவாள். மறுநாள் வேறொரு படியில் புதுப் பொட்டு சிரிக்கும்.

இரண்டாவது மாடி டீச்சர் வீட்டுக் குழந்தைதான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கதவைத் தட்டினாள்.

"டீச்சர், உங்க பொண்ணைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க. தெனமும் படியில பெயிண்ட் அடிக்குது."

"என் பொண்ணா? அதுக்குப் பத்து மாசம்தான் ஆகுது. இன்னும் எழுந்து நிக்கவே வரலை."

அவள் அசடு வழிந்துகொண்டு திரும்பினாள். ஆனால் சந்தேகம் மட்டும் போகவில்லை. இந்தக் காலத்துக் குழந்தைகளை நம்ப முடியாது என்று வீட்டில் வந்து சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த புருஷன், "ஆமாமா, நம்ப முடியாது" என்று ஒத்து ஊதினான்.

அவன் கட்டடங்களுக்கு வண்ணம் அடிக்கிறவன். எட்டு மாதத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாலு பேர் அவனை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்து வைத்தார்கள். வைத்தது வைத்ததுதான். சமதரையில் கம்பை ஊன்றி நடக்கலாம், படி ஏறுவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவன் தெருவைப் பார்த்ததெல்லாம் ஜன்னல் வழியாகத்தான்.

தூக்கி வந்த நாலு பேரில் ஒருவன் அவளுடைய அண்ணன். லாரி ஓட்டுகிறவன், நல்ல மனசுக்காரன், வாய் மட்டும் ஓயாது. தங்கை புருஷனுக்கு 'அரைச்சுவர்' என்று பெயர் வைத்தவனும் அவன்தான். காரணம் இல்லாமல் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் இந்த வீட்டுச் சமையலறைக்கு நீலம் அடிக்கிறேன் என்று ஆரம்பித்து, பாதிச் சுவரோடு நிறுத்தியவன் அவன். நீச்சல் கற்றுக்கொள்ளப் போய் மூன்றாம் நாள் நின்றுவிட்டான். டிரைவிங் லைசென்ஸ், காலை நடை, புகையை விடுவது, எல்லாவற்றையும் ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுவிட்டு ஆரம்பிப்பான். ஒரு வாரம் தாண்டாது.

அண்ணன் தன் வீட்டுப் பின்கட்டில் தரையோடு இருந்த ஓர் அறையைக் காலி செய்திருந்தான். "மனுஷனை எத்தனை நாளைக்கு அந்தரத்துலயே வச்சிருப்பே? ஞாயித்துக்கெழமை வண்டியோட வரேன். மூட்டை கட்டி வை" என்று சொல்லிவிட்டான். அவளும் சரி என்றுவிட்டாள். சொன்ன நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. வேலை போகும், வீடு போகும், அப்புறம் காலம் முழுக்க அண்ணி முகத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். ஆனால் புருஷனால் படி இறங்க முடியாதபோது வேறு என்ன வழி?

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, அடுத்த கட்டடத்துக்கு வேலைக்குப் போனவள், தேய்க்கிற பிரஷ்ஷை மறந்துவிட்டுப் பாதியில் திரும்பி வந்தாள். படிகளுக்கு அடியில் வாளிகள் வைக்கிற இடுக்கில் அவள் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் 'டொக்' என்று ஒரு சத்தம்.

"அறுபத்தஞ்சு."

மூச்சு வாங்கும் சத்தம். மறுபடி 'டொக்'.

"அறுபத்தாறு."

தெரிந்த குரல். கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியில் எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன்தான், கையில் கம்போடு. தரைக்கு ஆறே படி இருந்தது. மெதுவாக உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்தான், உள்ளே மாத்திரைக்குப் பதில் பெயிண்ட். ஒரு சின்னத் தூரிகையை அதில் தொட்டு, சுவரோரமாக ஒரு பொட்டு வைத்தான். தினமும் அடுப்பு முன்னால் நின்று அவள் பார்க்கிற அதே நீலம். இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போயிற்று?

பிறகு அவன் எழுந்து திரும்பி ஏற ஆரம்பித்தான்.

அவள் வெளியே வந்து படிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அவன் உருவம் தெரியவில்லை. கைப்பிடியைப் பற்றியிருந்த கை மட்டும் தெரிந்தது. ஒரு சாண் நகரும், நிற்கும். மறுபடி ஒரு சாண். முதல் மாடியைச் சுற்றியது, இரண்டாவது மாடியில் வெகுநேரம் அசையாமல் இருந்தது, மறுபடி நகர்ந்தது. முக்கால் மணி நேரம். அவளுக்குக் கழுத்து வலித்தது, கண்ணில் நீர் வழிந்தது, இரண்டும் உறைக்கவில்லை.

சுரண்டிய பொட்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. முதல் பொட்டு அவர்கள் வாசலுக்கு அடுத்த படியில். மறுநாள் அதற்குக் கீழே. ஒரு நாளைக்கு ஒரு படி கூடுதலாக. இறங்குகிற ஒவ்வொரு படியையும் திரும்ப ஏறியாக வேண்டும். அவனுக்குக் காய்ச்சல் கண்ட மூன்று நாளும் பொட்டு இருந்தது. அவள் சண்டை போட்டுவிட்டுப் பேசாமல் இருந்த நாளும் இருந்தது. ஒருநாள்கூடத் தவறவில்லை. இவனா? தன் அரைச்சுவரா? பதினாறு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை அறுபத்தாறாவது படிக்கு வந்தபோது, தகட்டை எடுக்கக் கை வரவில்லை. பொட்டைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலை அவன் கேட்டான்.

"என்ன, இன்னிக்கு வேலையில கொறை வச்சிட்டே?"

அவள் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

"சொல்லிச் சொல்லித்தானே எல்லாத்தையும் விட்டேன். வாயால சொன்னவுடனே பாதி முடிச்ச மாதிரி ஆயிடுது எனக்கு. நீயும் சந்தோஷப்படுவே. அதோட சரி."

"தெரியாம தெனமும் சுரண்டித் தொலைச்சேனே."

"சுரண்டினதுதான் நல்லது. வெள்ளையா ஒரு தழும்பு விழும்ல, அதைப் பார்த்துத்தான் அடுத்த படி எதுன்னு கண்டுபிடிப்பேன். பொட்டு அப்படியே இருந்தா அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். நேத்துது போயிட்டதாலதான் இன்னிக்கு வைக்கணும்னு தோணுது. நீ உன் வேலையைப் பாரு."

அவள் விரல்விட்டு எண்ணினாள். இன்றைக்கு அறுபத்தேழு. ஞாயிற்றுக்கிழமை எழுபத்தொன்று. அண்ணன் வருகிற நாளில் ஒரு படி மிச்சம்.

"ஒருநாள் மட்டும் ரெண்டு படியா இறங்கக் கூடாதா?"

"ரெண்டு இறங்கத் தெரிஞ்சவனுக்கு மறுநாள் ஒண்ணும் இறங்காம இருக்கவும் தெரியும். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

அவள் மறுபடி பாத்திரத்தை எடுத்தாள். மூட்டை மட்டும் கட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வாசலில் வந்து நின்றது. அண்ணன் இரண்டு ஆட்களோடு உள்ளே நுழைந்தான். தங்கை கீழ்ப்படிக்கு எதிரே நிற்பதைப் பார்த்து, "என்னம்மா, எல்லாம் தயாரா?" என்றவன், மேலே 'டொக்' என்று கேட்டு நிமிர்ந்தான். அவன் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"எழுபது," என்றான் அரைச்சுவர். பிறகு, "எழுபத்தொண்ணு."

அண்ணன் பாய்ந்து போய்க் கையை நீட்டினான். "வாங்க மாப்ளே, இன்னும் ஒரே ஒரு படிதான். நான் பிடிச்சுக்கறேன்."

"அது நாளைக்கு, மச்சான்."

உட்கார்ந்தான். டப்பாவைத் திறந்தான். பொட்டு வைத்தான். எழுந்து திரும்பி ஏறினான். நீட்டிய கை அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் பின்னாலேயே ஏற ஆரம்பித்தான். அவன் ஒரு படி வைத்தால் இவனும் ஒரு படி, அவன் நின்றால் இவனும் நின்றான். தாண்டிப் போகவில்லை, தாங்கிப் பிடிக்கவும் இல்லை. வாய் ஓயாத மனுஷன் முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மேலே வந்ததும் அண்ணன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அந்தப் பாதி நீலச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டியை அனுப்பிச்சிடறேன்மா," என்றான் கடைசியில். "இனிமே மாப்ளையை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன்."

மறுநாள் விடிந்ததும் அவள் வாளியோடு இறங்கி வந்தாள். எழுபத்தோராவது படியில் குந்தி உட்கார்ந்து, தகட்டை எடுத்து, பொட்டைச் சுரண்டினாள். என்றைக்கும் இல்லாத அழுத்தத்தோடு சுரண்டினாள். வெள்ளைத் தழும்பு பளிச்சென்று விழுந்தது. எழுபத்திரண்டாவது படியைத் துடைத்து, ஈரம் வழுக்குமே என்று முந்தானையால் ஒற்றி உலர்த்தினாள்.

பிறகு வேலைக்குக் கொஞ்சம் தாமதமாக வருவதாக அடுத்த கட்டடத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டு, தெருவாசலில் உட்கார்ந்தாள். நாலு மாடிக்கு மேலே கதவு திறந்தது. 'டொக்'.

"ஒண்ணு."