யோகம்மா பேரில் ஒரு நம்பர்

"நம்பர் யார்ட பேர்ல இருக்கோ அவங்கதான் பேசணும். நீங்க சும்மா இருங்க," என்றாள் போன் கம்பெனிக் கடையின் கவுண்டரில் இருந்த முஷ்ரிபா.

பாக்கியலெட்சுமி தன் போனைக் கவுண்டரில் வைத்தாள். பக்கத்து நாற்காலியில் யோகம்மா, கொழுந்துக் கறை போகாத விரல்களில் அடையாள அட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஓரகத்திகள். தெமோதரைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லய வரிசையில் அடுத்தடுத்த வீடு. தண்ணீர்ப் பீலியில் யார் குடம் முதலில் என்ற சண்டையில் பேச்சு நின்றுபோய் இரண்டு வருஷம்.

சிம் விற்கும் வேன் பாட்டுப் போட்டுக்கொண்டு லயத்துக்கு வந்த காலத்தில் அப்படி இல்லை. பாக்கியலெட்சுமியின் அட்டை தொலைந்திருந்தது. யோகம்மா தன்னுடையதை நீட்டினாள். தோட்டத்தில் பாதிப் பேரின் சிம் இப்படித்தான், வேறு யார் பேரிலாவது கிடக்கும். மறுபடி பதியச் சொல்லிக் கம்பெனி இங்கிலீஷில் அனுப்பிய மெசேஜைப் பாக்கியலெட்சுமி அழித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை லைன் செத்தது. ஹொட்லைனுக்கு அடித்தால் தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினால் பாட்டு. பாட்டு முடிந்தால் சிங்களத்தில் ஒருவன்.

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன மகள் நிசாந்தினியின் போனை அந்த வீட்டு எசமானி பிடுங்கி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மட்டும் நிசாந்தினி அந்த வீட்டு டிரைவரின் போனில் கூப்பிடுவாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இந்த ஒரு நம்பர்தான். அங்கிருந்து வரும் அழைப்பில் நம்பர் விழாது. திருப்பி அடிக்க வழியில்லை. 'வீட்டுக்காரன் பெல்ட்டால அடிக்கிறான்மா. தூதரகத்து நம்பரை எடுத்து வை. அடுத்த வெள்ளியோட டிரைவர் ஊருக்குப் போறாரு' என்று போன வெள்ளி சொல்லியிருந்தாள். அந்த நம்பரை, அவளை அனுப்பிய பண்டாரவளை ஏஜென்சியில் கெஞ்சி வாங்கியாயிற்று. இன்று வெள்ளி.

"கடைசியா இதுல இருந்து எடுத்த நம்பர் ஒண்டு சொல்லுங்க," என்றாள் முஷ்ரிபா.

"எனக்கெப்படித் தெரியும்? போன வச்சிருக்கிறது இந்த மகாராணி," என்றாள் யோகம்மா.

"நான் சொல்றேங்க மிஸ்."

"நீங்க சொல்ல ஏலாது."

"புள்ள அங்க அடிவாங்கிச் சாகுதுங்க."

"விளங்குது. சிஸ்டம் அத எடுக்காது, நான் என்ன செய்ய?"

யோகம்மா தொண்டையைச் செருமினாள். "பீலியில தண்ணி வந்தா இவ எனக்கு மிஸ்கோல் குடுப்பா. பேச மாட்டா. மிஸ்கோல் மட்டும்." தன் நம்பரைச் சொன்னாள்.

முஷ்ரிபா தட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். "சரி. புது சிம் ரெண்டு மணித்தியாலத்துல வேலை செய்யும்."

"ரெண்டா?"

"சில நேரம் முந்தி வரும்."

வெளியே கடை வாசலில் நின்றார்கள். பதுளை வெயில் சுட்டது.

"உன்னால எனக்கு இன்னைக்கு அரைப்பேரு, பாதிச் சம்பளந்தான். போன நிப்பாட்டிப் போடு," என்றாள் யோகம்மா.

"இப்பதானே போட்டேன்."

"திரும்பப் போடு, பிடிவாதக்காரி."

போட்டாள். திரையில் சிக்னல் கம்பி ஒன்று வந்தது. இரண்டு வந்தது. பிறகு போன் அடித்தது.

"எங்கம்மா போயிட்ட?" நிசாந்தினி கிசுகிசுத்தாள். "எத்தன தடவ அடிச்சேன்! நம்பரச் சொல்லு, சீக்கிரம்."

அவசரமாகப் பிரித்ததில் பாக்கியலெட்சுமியின் கையிலிருந்து தூதரக நம்பர் எழுதிய துண்டுக் காகிதம் நழுவியது. யோகம்மா அதைப் பொறுக்கிப் போனருகே குனிந்தாள். "நான் சித்தி பேசுறேன். எழுதிக்க." ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். நிசாந்தினி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். இன்னும் இரண்டு இலக்கம் இருக்கும்போது சத்தம் நின்றது.

"புள்ள? நிசா?"

பாக்கியலெட்சுமி திரையைப் பார்த்தாள். ஒரு கம்பியும் இல்லை. லைன் அறுந்தது குவைத்தில் இல்லை, இங்கேதான். இந்த நிமிஷம் நிசாந்தினி மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருப்பாள்.

"அக்கா, என்ன நின்னுக்கிட்டு?"

யோகம்மா கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். டோக்கன் எடுக்கச் சொல்லிக் காவல்காரன் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டுக் கவுண்டரை நோக்கிப் போனாள்.