தாமாகவே போனவர்கள்

“ஃபார்ம் டூவோட நின்ன பிள்ள, உனக்கு ஜப்பானைப் பத்தி என்ன தெரியும்?” என்று, எட்டாவதோடு படிப்பை நிறுத்திய என்னைத் திலீபன் அண்ணன் கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் ஃபோட்டோஸ்டேட் எடுத்த தாள்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவருடைய சப்பாத்தைப் பார்த்தபடி நின்றேன். ஃபூஜி மலை ஹொக்கைடோ தீவில் இருப்பதாக அவருடைய குழுவினர் எழுதியிருந்தார்கள். நான் ஓரத்தில் பென்சிலால் ‘ஹொன்ஷு’ என்று எழுதிவிட்டேன். அதுதான் நான் செய்த குற்றம். தாள்களை மேசையில் வைத்துவிட்டுக் கீழே ஓடி வந்துவிட்டேன்.

அது 1998. பெம்பானில் நான் வேலை செய்த ஃபோட்டோஸ்டேட் கடைக்கு மேல்மாடியில் அவர் ட்யூஷன் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை ட்யூஷன் கிடையாது. அன்று அந்த அறையில் ஐந்தாறு பேர் கூடுவார்கள். வெளிநாட்டுத் தமிழர்கள் சிலர் சேர்ந்து இண்டர்நெட்டில் ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம் தொடங்கியிருந்தார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. ஊருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு பகுதி. திலீபன் அண்ணன் எங்கள் மலேசியாவையே கேட்டு எழுதினார். அது கோலாலம்பூர்க்காரர்களுக்குப் போய்விட்டது. சிங்கப்பூரைக் கேட்டார். அதையும் யாரோ எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்தது ஜப்பானும் நார்வேயும். ஆயர் குரோவில் ஜப்பான்காரன் ஃபேக்டரியாவது இருக்கிறது, நார்வேக்கு நான் எங்கே போவேன் என்று சொல்லி ஜப்பானை வாங்கிக்கொண்டாராம். இதை ஷெர்லீன் அக்காதான் எனக்குச் சொன்னார்.

ஷெர்லீன் அக்கா அந்த ஃபேக்டரி ஆபீசில் கிராணி, எழுத்து வேலை. அங்கிருந்து பழைய காலண்டர்களும் விளம்பரப் புத்தகங்களும் கொண்டுவருவார். செர்ரிப் பூவைப் பற்றி எங்கள் குழு எழுதிய கட்டுரை முழுக்க ஒரு காலண்டரின் ஏப்ரல் மாதத் தாளிலிருந்து வந்தது.

அடுத்த வாரம் திலீபன் அண்ணன் கடைக்கு இறங்கி வந்து, ஹொன்ஷுதான் சரி என்றார். காற்றில் விடும் ஜப்பானியப் பட்டங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். பிறகு குளியல் வீடுகளைப் பற்றி. பிறகு நிலநடுக்கம். குழுவில் ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், இரண்டு பேர் ஜோகூருக்கு வேலைக்குப் போனார்கள், மற்றவர்களுக்கு அலுத்துவிட்டது. நான் நோட்டில் எழுதுவேன், ஷெர்லீன் அக்கா டைப் அடிப்பார், திலீபன் அண்ணன் சரிபார்த்து அனுப்புவார். இண்டர்நெட்டுக்கும் கடைக்கும் ஒரே லைன் என்பதால் அவர் அனுப்பும்போது கீழே கடையில் டெலிபோனை யாரும் தொடக்கூடாது. ஒரு வாரத்தில் பக்கம் வந்துவிடும். அடியில் ‘எழுதியது: பெம்பான் குழு. சரிபார்த்தவர்: திலீபன்’ என்று இருக்கும். முப்பத்தெட்டுக் கட்டுரைகளில் முப்பத்தொன்றை நான் எழுதியிருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. கடையில் ஓவர்டைம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

வருடக் கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. போர்க்காலத்தில் ஜப்பானியர்கள் கைதிகளையும் தோட்டத் தொழிலாளர்களையும் வைத்துக் கட்டிய சயாம் ரயில் பாதையைப் பற்றி ஜப்பான் குழு எழுத வேண்டும் என்று அதில் இருந்தது. திலீபன் அண்ணன் ஜாசின் நூலகத்திலிருந்து ஓர் ஆங்கிலப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். அகராதியை வைத்துக்கொண்டு நான்கு நாள் படித்தேன். வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பத்து அத்தியாயம் இருந்தது. ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களுக்கு ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு பெயர்கூட இல்லை. அதனால்தான் இருசம்மாளிடம் போனேன்.

இருசம்மாள் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே கடைசி வீடு. பால்வெட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வைத்திருக்கும் ஆயாக்கொட்டகையில் முப்பது வருடம் வேலை செய்தவர். அதனால் தோட்டம் முழுக்க அவருக்கு ஆயாதான். தண்ணீர்க் குழாயில் சண்டை வந்தால் எதிராளியின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசுவார். அவர் வாயை அடைக்க எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் வைத்திருந்தார்கள். சப்பான் சம்பளத்துக்கு ஆசைப்பட்டு லாரி ஏறி ஓடினவன் பெண்டாட்டி என்பார்கள். அதைக் கேட்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். சின்ன வயதில் நானும் ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

நான் கேட்டதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நீயெல்லாம் எழுதி எவன் படிக்கப் போகிறான் என்றார். உலகம் முழுக்கத் தமிழர்கள் கம்ப்யூட்டரில் படிப்பார்கள் என்றேன். அப்புறம் சொன்னார்.

1943-இல் அவருக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமாகி எட்டு மாதம். புருசன் பெயர் அப்புசாமி. சப்பான்காரர்கள் எங்கள் தோட்டத்திலிருந்து இருபது பேர் கேட்டார்கள். கல்யாணமாகாத ஆண்பிள்ளைகள் மட்டும், வீட்டுக்கு ஒருவர் என்று மலையாளத்துக் கிராணி பட்டியல் எழுதினார். ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் எல்லோரும் வரிசையில் நிற்க, தம்புசாமி கங்காணி பெயர் படித்தார். பட்டியலில் அவருடைய மூத்த மகன் காளிதாஸ் பெயரும் இருந்தது. அந்த இடம் வந்தபோது கங்காணி அப்புசாமி என்று படித்தார். அப்புசாமிக்கு அண்ணன் தம்பி இல்லை, கேட்க ஆள் இல்லை. நான் கல்யாணமானவனாயிற்றே என்று அவர் கேட்டிருக்கிறார். தம்பின் ஸ்டேஷனில் அரிசி மூட்டை இறக்கிவிட்டுச் சாயங்காலம் வந்துவிடலாம், ஏறு என்றாராம் கங்காணி. வாயில் போட்ட வெற்றிலையோடு ஏறினவர்தான். சப்பான் சண்டை முடிந்து கிராணி ஊருக்குக் கிளம்பும்போது இருசம்மாளைக் கூப்பிட்டு, தான் எழுதியது காளிதாஸ் பெயர் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் கங்காணி தோட்டம் முழுக்க ஒரு கதையைப் பரப்பியிருந்தார்: அப்புசாமி தானாகக் கேட்டு ஏறினான், சயாமில் சம்பளம் அதிகம் என்று.

போன இருபது பேரில் பதினான்கு பேர் திரும்பவில்லை. அந்தப் பதினான்கு பெயரையும் வீட்டு வரிசைப்படி சொன்னார். நான் எழுதினேன். கடைசியில் என் நோட்டின்மேல் கையை வைத்தார்.

“எழுதுனா முழுசா எழுது. அவனா போகலன்னு எழுது. யாரு அவன் பேரைப் படிச்சான்னு எழுது. முடியாதுன்னா இப்பவே கிழிச்சிப் போட்டுட்டுப் போ.”

“அப்படியே எழுதறேன் ஆயா” என்றேன்.

அப்படியேதான் எழுதினேன். ஷெர்லீன் அக்கா டைப் அடித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். திரும்பி, தம்புசாமி கங்காணி யார் என்று உனக்குத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். தெரியாது என்றேன். திலீபன் அண்ணனின் தாத்தா. காளிதாஸ் அண்ணனுடைய அப்பா. ஐம்பதுகளிலேயே தோட்டத்தை விட்டுப் போய்த் தெங்கேராவில் கடை வைத்து, இப்போது ஆயர் குரோவில் வீடு வாங்கி இருக்கிற குடும்பம். எனக்கு எப்படித் தெரியும்? அவர் எந்த ஊர் என்று கேட்க எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை.

நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள நினைத்தேன். அதற்குள் திலீபன் அண்ணன் வந்துவிட்டார். திரையின் முன்னால் உட்கார்ந்து படித்தார். படித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை.

முதலில் ஆதாரம் என்ன என்று கேட்டார். ஒருவர் வாயால் சொன்னதைக் கலைக்களஞ்சியத்தில் போட முடியாது என்றார். செர்ரிப் பூ காலண்டரைச் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் குரல் மாறிவிட்டது.

“எங்கப்பா இன்னும் இருக்காரு, மலர். எழுபத்து மூணு வயசு. அன்னிக்கி அவரு அந்த லாரியில ஏறியிருந்தா நான் ஏது, இந்தக் கம்ப்யூட்டர் ஏது, நீ எழுதறதுதான் ஏது?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே துடைத்தார், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பிறகு சொன்னார்: பதினான்கு பெயரும் அப்படியே போகட்டும், கங்காணி வருகிற அந்த ஒரு பத்தியை மட்டும் எடுத்துவிடலாம். அப்புறம், “கீழ உன் பேரு மட்டும்தான். எழுதியவர் மலர்க்கொடி. குழு பேரே வேணாம்லா” என்றார்.

நான் தலையாட்டினேன்.

பதினான்கு பேரின் பெயராவது வெளியே தெரியட்டும் என்று தலையாட்டியதாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அது பொய். அந்த நேரத்தில் எனக்குப் பதினைந்தாவதாக ஒரு பெயர்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

பக்கம் வந்த அன்று முதலில் அடியில்தான் பார்த்தேன். என் பெயர் இருந்தது. அதையே நான்கைந்து தடவை படித்தேன். அப்புறம்தான் மேலே போனேன். பத்தியை எடுத்த இடத்தில் புதிதாக ஒரு வாக்கியம் இருந்தது. இதை யார் எழுதினார்கள் என்று கேட்டேன். அண்ணனிடம் நான் முதல் தடவையாகக் கேட்ட கேள்வி அதுதான். அங்கே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது, ஏன் போனார்கள் என்று காரணம் சொல்லாவிட்டால் கட்டுரை நிற்காது, அந்த ஆங்கிலப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்றார். அதோடு மோடத்தின் வயரைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தார். எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை.

இருசம்மாளிடமும் எதுவும் சொல்லவில்லை. லயத்தில் அவர் வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். ஆனால் ஷெர்லீன் அக்கா பெம்பான் பாசாரில் அவரைப் பார்த்து, உங்கள் வீட்டுக்காரர் பெயர் உலகம் முழுக்கப் போய்விட்டது ஆயா என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டார். ஷெர்லீன் அக்கா பத்தியை எடுத்தது வரைக்கும் தெரிந்தவர். புது வாக்கியத்தைத் திலீபன் அண்ணனே அடித்து அனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் இருசம்மாள் வந்தார். தீபாவளிப் புடவை. படியில் மூன்று தடவை நின்று நின்று ஏறினார். திலீபன் அண்ணன் எழுந்து நாற்காலி போட்டார். தன் கையாலேயே தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். இருசம்மாள் வாங்கிக்கொண்டு, நீங்க யார் வீட்டுப் பிள்ளை தம்பி என்று கேட்டார்.

“ஆயர் குரோ, ஆயா” என்றார் அவர்.

திரையில் பக்கம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. இருசம்மாள் புருசன் பெயர் எங்கே என்று கேட்டார். காட்டினேன். கண்ணாடியின்மேல் விரலை வைத்து, இவ்வளவு சின்னதாகவா இருக்கிறது என்றார். ஷெர்லீன் அக்கா சிரித்தார். பிறகு இருசம்மாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, எனக்கு எழுத்து தெரியாது, முதலிலிருந்து படி என்று என்னிடம் சொன்னார். ரயில் பாதையின் நீளம், எந்த மாதம் தொடங்கினார்கள், எத்தனை பாலங்கள் எல்லாவற்றையும் படித்தேன். எனக்குச் சத்தமாகப் படித்துப் பழக்கமில்லை, வார்த்தைக்கு வார்த்தை தடுக்கியது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்தது.

நான் திரையைப் பார்த்துக்கொண்டே என் நோட்டில் இருந்ததைச் சொன்னேன். காலைப் பெரட்டில் தம்புசாமி கங்காணி தன் மகன் பெயருக்குப் பதிலாக அப்புசாமியின் பெயரைப் படித்தார். அப்புசாமி தானாகப் போகவில்லை. ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை. திலீபன் அண்ணன் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். திரும்பவில்லை. ஷெர்லீன் அக்கா என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

இருசம்மாள் தேநீரைக் கீழே வைத்தார்.

“நீ சொல்றது நான் சொன்னது. அதுல என்ன போட்டிருக்கு?”

“அதுதான் ஆயா.”

“இம்மா நேரம் திக்கித் திக்கிப் படிச்சவ, இங்க மட்டும் தண்ணி மாரி ஓடுற.” ஷெர்லீன் அக்காவைப் பார்த்தார். “யம்மா, நீ ஆபீசுல இருக்கிற பிள்ள. நீ படி.”

ஷெர்லீன் அக்கா குனிந்தார். அடுத்தது என்ன என்று தெரியாமலே, ஆபீசில் கடிதம் படிக்கிற குரலில் படித்தார். “சயாமில் அதிகச் சம்பளம் கிடைக்கும் என்று நம்பி, தோட்டத் தொழிலாளர்களில் பலர் தாமாகவே முன்வந்து போனார்கள். அவ்வாறு எங்கள் தோட்டத்திலிருந்து போய்த் திரும்பாதவர்கள்...” கடைசி வார்த்தைகளில் அவர் குரல் இறங்கிவிட்டது. அதற்குக் கீழே பதினான்கு பெயர்கள். ஏழாவது அப்புசாமி. அவர் பெயர்களைப் படிக்கவில்லை.

“அடியில என்னமோ இருக்கே, அது என்னா?”

ஷெர்லீன் அக்கா என்னைப் பார்த்தார். பிறகு படித்தார். “எழுதியவர், மலர்க்கொடி.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் நிற்பவர் யார் என்றாவது சொல்லியிருக்கலாம். அது என் பெயரில் இருக்கிற பழியைத் தூக்கி அவர்மேல் போட்டுவிடுவதாகத்தான் ஆகியிருக்கும். எனக்கு அதற்கும் தைரியமில்லை.

இருசம்மாள் மேசையைப் பிடித்து எழுந்தார். புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். திலீபன் அண்ணன் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டி ஓரடி முன்னால் வந்தார். இருசம்மாள் அந்தக் கையை ஒதுக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. என் பக்கத்தில் வந்தபோது ஒரு நொடி நின்றார். வாயைத் திறப்பார், குழாயடியில் கேட்கும் அத்தனை வார்த்தையும் வரும் என்று காத்திருந்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.