நெடி இல்லாத பெயிண்ட்

மகள் சுவரில் மூக்கை வைத்து, கட்டில் தலைமாட்டிலிருந்து ஜன்னல் வரை முகர்ந்துகொண்டே போனாள். பெயிண்டர் அப்பா அறைவாசலில் நின்றார். முப்பது வருடம் பெயிண்டையும் தின்னரையும் இழுத்து இழுத்து அவர் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. சோப்பை நீட்டினாலும் மண்ணெண்ணெயை நீட்டினாலும் அவருக்கு ஒன்றுதான்.

"என்னம்மா, நெடி போயிடுச்சா?"

"சுத்தமா இல்லப்பா! வண்டிக்குச் சொல்லுங்க. அம்மாவைக் கூட்டிட்டு வந்துடலாம்."

அம்மாவுக்கு நுரையீரல் இரண்டும் போய்விட்டன. இனிச் செய்ய ஒன்றுமில்லை. "என் கட்டில்ல படுத்துக்கிட்டே போயிடறேன், அது போதும்" என்று ஆஸ்பத்திரியில் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அறையில் பூஞ்சை இருக்கக் கூடாது, பெயிண்ட் நெடியும் ஆகவே ஆகாது என்றார் டாக்டர். அப்பா ஒரே நாளில் சுவரைச் சுரண்டிப்போட்டார். கடையில் மகள் ஒவ்வொரு டப்பாவாகத் திறக்கச் சொல்லி முகர்ந்தாள்.

"எல்லா டப்பாலயும் பச்சை இலை படம் போட்டு வச்சிருக்கானுங்க. இலையை நம்பாத, உன் மூக்கை நம்பு" என்றார் அப்பா. நான்காவது டப்பா தேறியது.

நேற்றும் இதே சுவரைத்தான் முகர்ந்தாள். ஜன்னல் மூலையில் ஏதோ லேசாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. எதற்கு வம்பு என்று, "இன்னும் ஒரு நாள் போகட்டும்பா" என்றாள்.

இன்று வண்டிக்குச் சொல்ல அப்பா எடுப்பதற்குள் போன் தானே அடித்தது. ஆஸ்பத்திரி. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை மகளிடம் நீட்டினார்.

மதியம் அம்மாவின் உடலைக் கொண்டுவந்து அவள் கட்டிலிலேயே கிடத்தினார்கள். மகள் தன்னையே திட்டிக்கொண்டாள். பாழாய்ப்போன மூக்கு! நேற்றே சரி என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அப்பா மெதுவாகக் கேட்டார். "நேத்து நெடி இருந்துச்சு, இல்ல?"

"இருந்துச்சுப்பா."

"நல்லாவா?"

மகள் அம்மாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"நல்லாவே இருந்துச்சு."

"அப்ப நீ சொன்னது சரிதான். பாவம், மூச்சு முட்டியிருக்கும்."

பக்கத்து வீட்டம்மா அறைக்கு அடிக்கிற சென்ட் பாட்டிலோடு வந்தார். "ஆளுங்க வர்ற நேரம், கொஞ்சம் அடிச்சு விடறேன்" என்று மூடியைத் திறந்தார்.

அப்பா சட்டென்று எழுந்து குறுக்கே கையை நீட்டினார்.

"வேணாம்மா. அவளுக்கு ஆகாது."

பக்கத்து வீட்டம்மா மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பாட்டிலை வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.